காட்டுப்பன்றிக்கு இரவுக் காவல்: தெர்மல் கருவியும் டோர்ச்சும் பாவிக்கும் முறை

கிழங்கு பருக்கத் தொடங்கிய பாத்தியில் ஒரு பன்றிக் கூட்டம் அரை மணித்தியாலம் நின்றால் போதும், மூன்று மாத உழைப்பு புரட்டிப்போட்ட மண்ணாகக் கிடக்கும். நுவரெலியா, இராகலை, வெலிமடை, அப்புத்தளை, அக்கரப்பத்தனை என்று மரக்கறி செய்யும் எல்லாப் பக்கத்திலும் இதே தொல்லைதான். பெரிய அளவில் கரட்டும் லீக்ஸும் போடுகிறவருக்கு அது ஒரு போகத்து நட்டம். லயத்துக்குப் பின்னால் பத்துப் பேர்ச்சில் கிழங்கு நட்டிருப்பவருக்கு அது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு.

இதற்குப் பலரும் கையில் எடுப்பது சுருக்குக் கம்பி. இல்லாவிட்டால் வீட்டுக் கரண்டை இழுத்து வேலிக் கம்பியில் கொடுப்பார்கள். பன்றி எது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எது என்று சுருக்குக்கும் தெரியாது, கரண்டுக்கும் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் அது செத்துப்போனது. பன்றிக்கு வைத்த கரண்டு வேலியில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

இங்கே சொல்லப்போவது கண்விழித்துக் காவல் காக்கிற முறை: தூரத்திலேயே கண்டுபிடிப்பது, எது என்று உறுதி செய்வது, ஒருவருக்கும் காயமில்லாமல் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது. உடம்புச் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவி இடத்தைச் சொல்லும், அங்கே நிற்பது எது என்று சொல்லாது. எது என்று சொல்வது டோர்ச் வெளிச்சம். இந்த வரிசையை மாற்றினால்தான் விபத்து நடக்கிறது.

கருவியைத் தெரிந்தெடுப்பது

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியே விடுகிறது. அதில் 8 முதல் 14 மைக்ரோன் வரையான அலைநீளத்தை வாங்கிப் படமாக்குவதுதான் தெர்மல் கருவி. நிலவோ வேறு வெளிச்சமோ தேவையில்லை. இந்த விஷயத்தில் மலைநாட்டுக் குளிர் நமக்கு உதவி. பத்துப் பாகைக் குளிரில் கிடக்கும் மண்ணுக்கு எதிரே விலங்கின் உடம்புச் சூடு பளிச்சென்று தெரியும். கீழ்நாட்டில் வெக்கையான இரவில் இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது.

பெட்டியில் "900 மீற்றர்", "1200 மீற்றர்" என்று போட்டிருப்பார்கள். மனித உயரமுள்ள ஒரு சூடான பொருள் திரையில் வெறும் புள்ளியாகத் தெரியத் தொடங்கும் தூரம் அது. நமக்கு வேண்டியது அது பன்றியா, நாயா, ஆளா என்று பிரித்தறியும் தூரம். அதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். சென்சார் புள்ளியின் அகலத்தை மைக்ரோனில் எடுத்து, வில்லையின் குவியத்தூரத்தை மில்லிமீற்றரில் எடுத்து, முன்னதைப் பின்னதால் பிரியுங்கள். வருகிற விடையைப் பத்தால் பெருக்கினால், 100 மீற்றரில் ஒரு புள்ளி எத்தனை சென்ரிமீற்றரை மூடுகிறது என்று தெரியும். இப்போது அதிகம் விற்கும் 12 மைக்ரோன் சென்சாருக்கு 19 மில்லிமீற்றர் வில்லை என்றால் விடை 6.3 சென்ரிமீற்றர். முதுகு உயரம் 60 சென்ரிமீற்றர் உள்ள பன்றி 100 மீற்றரில் ஒன்பது, பத்துப் புள்ளி உயரத்துக்குத்தான் தெரியும். நாலுகால் விலங்கு என்று சொல்ல ஆறிலிருந்து எட்டுப் புள்ளி போதும். இன்ன விலங்கு என்று சொல்ல 12 முதல் 16 வரை வேண்டும். அதனால் 19 மில்லிமீற்றர் வில்லையை 60 மீற்றர் வரைதான் நம்பலாம். 35 மில்லிமீற்றர் வில்லை 100 மீற்றரில் 17 புள்ளி தரும்.

அப்படியானால் பெரிய வில்லையே நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 384க்கு 288 புள்ளி கொண்ட சென்சாரில் 19 மில்லிமீற்றர் வில்லை 100 மீற்றரில் 24 மீற்றர் அகலத்தைக் காட்டும். 35 மில்லிமீற்றர் 13 மீற்றரைத்தான் காட்டும். நம் பாத்திகள் படிப்படியாக, சரிவில், ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பவை. குழல் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகிய காட்சியோடு அந்தச் சரிவைத் தேடினால் பக்கத்து வரம்பில் நிற்பதைத் தவறவிடுவீர்கள். ஒரு ஏக்கருக்குக் குறைந்த தோட்டத்துக்கு 19 அல்லது 25 மில்லிமீற்றர் பொருத்தம். ஆற்றுக்கு அப்பால் எதிர்மலையைப் பார்க்க வேண்டியவருக்கு 35.

போனில் செருகும் சிறிய தெர்மல் கருவிகள் மலிவானவை. அவற்றின் வில்லை 4 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். 30 மீற்றருக்கு அப்பால் பன்றியும் நாயும் ஒரே பொட்டாகத் தெரியும். வீட்டு முற்றத்துக்குச் சரி, மலைக்குச் சரிவராது. டிஜிட்டல் சூம் எந்தக் கருவியிலும் புதிதாக ஒன்றையும் காட்டுவதில்லை, இருக்கும் புள்ளியைத்தான் பெரிதாக்குகிறது.

இன்னும் இரண்டு எண்களைக் கடையில் கேளுங்கள். ஒன்று, வெப்ப வித்தியாசத்தை உணரும் திறன். மில்லிகெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய நல்லது. எங்கள் மழைக்கும் பனிக்கும் 25 அல்லது அதற்குக் கீழே பாருங்கள். 40 உள்ள கருவி ஈரமான இரவில் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாகக் காட்டும். மற்றது, நொடிக்கு எத்தனை படம் என்பது. 25 அல்லது 50 இருக்க வேண்டும். 9 என்றால் கருவியைத் திருப்பும்போது படம் இழுபடும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லிக் கொண்டுவரச் செய்வதானால், சுங்கத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் அனுமதி விபரத்தை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் கருவியையே வாங்குங்கள். துவக்கில் பூட்டும் வகை வேண்டவே வேண்டாம். ஏன் என்று பின்னால் வருகிறது. ஐந்தாறு குடும்பம் சேர்ந்து ஒன்றை வாங்கி முறை வைத்துக் காவல் இருப்பது, ஆளுக்கொன்று மலிவாக வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

டோர்ச்

டோர்ச் வாங்கும்போது எல்லோரும் லூமன் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். லூமன் மொத்த வெளிச்சத்தின் அளவு. தூரத்தை நிர்ணயிப்பது கண்டெலா, அதாவது ஒரு திசையில் குவியும் வெளிச்சத்தின் அளவு. கண்டெலா எண்ணை நாலால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், பெட்டியில் போடுகிற "வீச்சுத் தூரம்" மீற்றரில் வரும். 40,000 கண்டெலா டோர்ச்சுக்கு அது 400 மீற்றர். அந்தத் தூரத்தில் விழுவது முழுநிலா வெளிச்சத்தின் அளவுதான். அதை வைத்து விலங்கின் முகத்தை அடையாளம் காண முடியாது. நாலில் ஒரு பங்கு, அதாவது 100 மீற்றர் வரையே அதை நம்புங்கள்.

பற்றரியில்தான் அதிகம் ஏமாறுகிறோம். டோர்ச்சுக்குப் போடும் 18650 என்ற அளவுப் பற்றரியில், கொள்ளளவு "9900 எம்ஏஎச்" என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அளவுப் பற்றரியில் நல்ல தயாரிப்பே 3,500 அளவில்தான் நிற்கும். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். சரியான 18650 ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே பாதி வெறுமை. பெரிய 21700 பற்றரி 5,000 வரை கொடுக்கும். ஜனவரி, பெப்ரவரிக் குளிரில் எந்தப் பற்றரியும் சொன்ன நேரம் நிற்காது. மாற்றுப் பற்றரியை வெளிப் பையில் போடாமல் உள்சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். சில்லறைக் காசோடும் சாவியோடும் அதைச் சேர்த்துப் போடக்கூடாது, முனைகள் உரசினால் தீப்பிடிக்கும்.

ஒருவரிடம் நீளமாக வீசும் டோர்ச், இன்னொருவரிடம் அகலமாகப் பரவும் தலை விளக்கு. தலை விளக்கில் சிவப்பு வெளிச்சமும் இருந்தால் நல்லது. பன்றிக்குச் சிவப்பு நிறம் மங்கலாகத்தான் தெரியும். காத்திருக்கும்போது தேநீர் ஊற்றவும் பாதை பார்க்கவும் அது போதும்.

பகலில் செய்துவைக்க வேண்டியது

இருட்டில் முதன்முறையாக ஒரு சரிவைப் பார்க்காதீர்கள். பகலில் போய் நிற்கப்போகும் இடத்தைத் தெரிந்தெடுத்து, அங்கிருந்து 25, 50, 100 மீற்றரில் வெள்ளைத் துணி கட்டிய குச்சி நடுங்கள். பன்றி நுழையும் இடம் தடத்திலேயே தெரியும்: வேலியடியில் மண் தள்ளிய வழுக்கு, கம்பியில் ஒட்டிய கரடுமுரடான மயிர், சேற்றோடு உரசிய மரம். பெரும்பாலும் அதே வழியால்தான் திரும்பி வரும், திரும்பிப் போகும்.

பிறகு, சூடாக இருக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கரும்பாறை, தண்ணீர்த் தாங்கி, லயத்துத் தகரக் கூரை, மாட்டுப் பட்டி, கோயில் விளக்கு, குப்பை எருக் குவியல். பகல் முழுக்க வெயில் குடித்த பாறை இரவு ஒன்பது, பத்து மணி வரை சூட்டை வைத்திருக்கும். தெர்மலில் அது படுத்திருக்கும் பன்றியைப்போலவே இருக்கும். மக்கும் எருக் குவியல் விடியும்வரை வெள்ளையாகத் தெரியும். தாளில் இல்லாத ஒரு வெள்ளை தெரிந்தால்தான் அது புதிது.

முதல் இரவுக்கு ஒரு பயிற்சி. ஒன்றரை லீற்றர்ப் பிளாஸ்டிக் போத்தலில் குளிக்கும் சூட்டுத் தண்ணீர் நிரப்பி, மூன்று குச்சியடியிலும் ஒவ்வொன்று படுக்க வையுங்கள். நிற்கும் இடத்துக்கு வந்து முதலில் கண்வில்லையைத் திருப்பித் திரையின் எழுத்து கூர்மையாகும்வரை சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகு முன்வில்லையைத் திருப்பி 50 மீற்றர்ப் போத்தலைக் கூர்மையாக்குங்கள். பலரும் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டுக் கருவி மங்கல் என்று குறை சொல்வார்கள். 30 சென்ரிமீற்றர்ப் போத்தல் ஒவ்வொரு தூரத்திலும் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று மனதில் பதிந்துவிட்டால், தெரிகிற உருவம் முயலளவா பன்றியளவா என்று பிறகு தடுமாற வேண்டியிருக்காது. தெர்மல் திரையில் தூரம் தெரியாது. 30 மீற்றரில் நிற்கும் பூனையும் 70 மீற்றரில் நிற்கும் பன்றியும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும்.

மாலையில் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுங்கள். இன்ன இரவு, இன்ன நேரம், இன்ன மலைப்பக்கம் காவல் இருக்கிறோம் என்று. லயத்தில் தலைக்குத் தலை தெரிய வேண்டும். தோட்டத்து வாச்சருக்கும் தெரிய வேண்டும்.

இரவில் பார்ப்பது

தெர்மலை ஒரு கண்ணுக்கே ஒதுக்குங்கள். இடது கண்ணால் திரையைப் பார்த்தால் வலது கண் இருட்டுக்குப் பழகியே இருக்கும். நடக்கும்போது பாதை பார்க்க அந்தக் கண்தான் உதவும். திரை வெளிச்சத்தைக் கடைசிப் படிக்குக் குறையுங்கள். வெளிச்சம் பட்ட கண் இருட்டுக்கு முழுதாகத் திரும்ப 20 முதல் 30 நிமிடம் எடுக்கும்.

சரிவைக் குறுக்காகக் கீற்றுக் கீற்றாகப் பாருங்கள், கிட்டயிருந்து தூரத்துக்கு. கருவியை வேகமாக வீசாமல் ஒரு காட்சியில் நாலைந்து நொடி நிற்க வேண்டும். பன்றி அசையாமல் நின்று காது கொடுக்கும் விலங்கு. அசைவை மட்டும் தேடினால் கிடைக்காது. இடைக்கிடை கருவி "டிக்" என்று சத்தம் போட்டு ஒரு நொடி உறையும். தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது, பழுதல்ல.

தேயிலைக்குள் நிற்பதைத் தெர்மல் காட்டாது. இலை மறைத்தால் சூடும் மறையும். முற்றிய தேயிலை மலையில் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், ஒரு கூட்டமே நடந்து போகும், உங்களுக்கு இலை இடுக்கில் ஒரு மினுக்கம்தான் கிடைக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் எல்லாம் திறந்து கிடக்கும். அதனால் பார்வையைத் தேயிலைக்கு நடுவில் செலவழிக்காமல், தேயிலை முடிந்து மரக்கறிப் பாத்தி தொடங்கும் ஓரத்தில் வையுங்கள்.

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்க்க முடியாது. கண்ணாடி இந்தக் கதிரை மறிக்கும், உங்கள் முகச் சூட்டைத்தான் திருப்பிக் காட்டும். மெல்லிய பொலித்தீன் வீட்டின் சுவருக்குப் பின்னால் நிற்பது ஓரளவு தெரியும். உட்புறம் நீர் முத்து கட்டியிருந்தால் அதுவும் மறையும்.

உருவங்களைப் படிக்கப் பழகுவது சில இரவுகளில் வரும். பன்றி ஒரு பாண் துண்டைக் கவிழ்த்து வைத்தது போலிருக்கும்: கழுத்து இல்லை, தலை கீழே, முன்பக்கம் கனம். சேற்றில் புரண்டு வந்தது திட்டுத்திட்டாகக் கறுப்பு விழுந்து பாதிப் பன்றியாகத் தெரியும். முள்ளம்பன்றியின் முட்கள் குளிர்ந்திருப்பதால் முகமும் காலும் மட்டும் வெள்ளையாக, பின்பக்கம் மங்கலாக இருக்கும். மரைக்கு உயரமும் நீண்ட கழுத்தும். சிறுத்தை தாழ்வாக, தடங்கல் இல்லாமல் ஒழுகுவதுபோல் நடக்கும், வால் நீளம்.

கடைசியாக மனிதர். நிற்கும் ஆளை யாரும் பிழையாக எடுப்பதில்லை. கானோரம் குந்தியிருக்கும் ஆளைத்தான் பிழையாக எடுப்பார்கள். கம்பளி போர்த்திய ஆளை இன்னும் மோசமாக. ஈரக் கம்பளி உடம்புச் சூட்டை அப்படியே மறைத்துவிடும். திரையில் தெரிவது முகத்தளவு ஒரு வெள்ளை, அதற்குக் கீழே கையளவு ஒரு வெள்ளை. தாழ்வாக, உருண்டையாக, அசையாமல். பிளாஸ்டிக் படங்கைப் போர்த்தி நடப்பவரும் அப்படித்தான். அதிகாலையில் விறகுக்குப் போகிறவர், ஒதுங்கப் போகிறவர், குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடப்பவர் என்று எங்கள் மலைகளில் இரவு முழுக்க யாரோ ஒருவர் இருக்கிறார். தெர்மல் படத்தை மட்டும் வைத்து ஒரு கல்லைக்கூட எறியக்கூடாது.

கண் மினுங்கினால், மினுங்காவிட்டால்

தெர்மலில் சந்தேகம் வந்ததும் டோர்ச் பிடிப்பவருக்கு இடத்தைச் சொல்லுங்கள்: "ஐம்பது மீற்றர்க் குச்சி, அதற்கு இடது பக்கம் பத்து எட்டு" என்று. டோர்ச்சை முதலில் உங்கள் முன்னால் தரையில் போட்டு, மெல்ல முன்னோக்கி ஏற்றுங்கள்.

நாய், பூனை, மாடு, மரை, சிறுத்தை இவற்றின் கண்ணுக்குப் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. டோர்ச் பட்டதும் கண் நெருப்புப்போல் மினுங்கும். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. இரண்டு கண் பளிச்சென்று எரிந்தால் அது பன்றி இல்லை என்று அந்த நொடியே தெரிந்துவிடும். நிறத்தை வைத்து விலங்கைச் சொல்லப் பார்க்காதீர்கள், கோணத்தோடு நிறம் மாறும்.

மனிதக் கண்ணுக்கும் அந்தப் படலம் இல்லை. ஆக, சூடு தெரிகிறது, கண் மினுங்கவில்லை என்றால் அது பன்றியாகவும் இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். இந்த இடத்தில்தான் அவசரப்படுவார்கள். குரல் கொடுங்கள்: "யாரு அங்க? ஆளா இருந்தா சத்தம் குடுங்க!" சிங்கள ஊர்கள் ஒட்டியிருக்கும் வெலிமடை, ஊவாப் பரணகமைப் பக்கம் "கவுத?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். பன்றியாக இருந்தால் குரலுக்கே தலை தூக்கும் அல்லது ஓடும். பதில் சொல்லாமலும் ஓடாமலும் இருப்பதை ஆள் என்றே வைத்துக்கொண்டு அணுகுங்கள்.

மூடுபனியும் மழையும் காற்றும்

மூடுபனி தெர்மலுக்கு ஒரு பொருட்டல்ல என்று விற்பனையில் சொல்வார்கள். மெல்லிய பனியில் உண்மைதான், கண்ணைவிட நன்றாகப் பார்க்கும். நானுஓயாவில், பட்டிப்பொலையில் இறங்குகிற அடர்ந்த பனியில் நீர்த்துளிகளே அந்த அலைநீளத்தின் பருமனுக்கு வந்துவிடுகின்றன. கதிரைச் சிதறடித்துவிடும். 100 மீற்றர் பார்த்த கருவி 30 மீற்றருக்குச் சுருங்கும். தொடர்மழையில் மண், இலை, கல் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்து பின்னணி தட்டையாகிவிடும். விலங்கின் ஈர மயிரும் குளிர்ந்து போகும். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை இதை எதிர்பார்க்க வேண்டும். நுவரெலியாவில் ஜனவரி முதல் மார்ச் வரையான தெளிந்த இரவுகளில் கருவி தன் முழு வேலையைக் காட்டும். ஊவாப் பக்கத்துக்கு ஜூன் முதல் ஓகஸ்ட்.

பனியில் டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தலை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சை இடுப்புயரத்தில், கையை நீட்டி உடம்புக்கு விலக்கிப் பிடியுங்கள். ஒடுங்கிய வீச்சாக இருக்க வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் அந்த இரவு இடத்தை விட்டு நகராமல் தகரம் தட்டிக்கொண்டிருப்பதே வேலை.

பன்றிக்குப் பார்வை மட்டம், மூக்குக் கூர்மை. இரவில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். மேலே காட்டிலிருந்து வரும் பன்றிக்கு, கீழே இருக்கும் உங்கள் வாசம் போகாது. ஓடைப் பக்கமிருந்து ஏறி வருவதற்கு உங்கள் வாசம் நேரே போய்ச் சேரும். அது உள்ளே வராமல் மறைவில் காத்திருந்து, நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு இறங்கும். அதனால் நிற்கும் இடத்தை நுழைவழிக்கு ஏற்ப மாற்றுங்கள். புகைத்தால் எந்த இடமும் பயனில்லை.

விரட்டும் முறை

குறைந்தது மூன்று பேர்: ஒருவர் தெர்மலோடு உயரமான இடத்தில், இருவர் டோர்ச்சோடு. தனியே ஒருவரும் இறங்கக்கூடாது.

பன்றி என்று உறுதியானதும், அது திரும்பிப்போக ஒரு வழி திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்த வழி காட்டுப் பக்கம் என்றால் அதை இருட்டாக விட்டுவிட்டு மற்ற இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் கொடுங்கள். டோர்ச்சை மினுக்கி மினுக்கி அடிப்பதைவிட, முகத்தில் நிறுத்திப் பிடித்து, சத்தத்தோடு மெல்ல நெருங்குவது நல்ல பலன் தரும். 30 மீற்றருக்குள் போகவேண்டாம். குட்டியோடு நிற்கும் தாயையும் தனியாக வரும் பெரிய ஆண் பன்றியையும் மூலையில் மடக்கினால் அவை நேரே வரும். சரிவில் உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கல்வரம்பு இருக்கும்படி நில்லுங்கள். லயத்துப் பக்கமோ பிரதான வீதிப் பக்கமோ அடுத்தவர் பாத்திக்குள்ளோ துரத்தக்கூடாது. இதில் மனத்தாங்கல் வந்து பிரிந்த காவல் குழுக்கள் ஏராளம்.

தானாகப் பற்றும் சென்சார் விளக்குகளைக் கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். சில நாள் வேலை செய்யும். பிறகு பன்றி அந்த வெளிச்சத்திலேயே கிழங்கு தோண்டும். கட்டுவதானால் சென்சாரைத் தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் கட்டுங்கள், மூன்று நாலு நாளுக்கொரு முறை இடம் மாற்றுங்கள், அதோடு சில இரவாவது மனிதக் குரலும் சேர வேண்டும்.

சிறுத்தை என்று தெரிந்தால் விரட்டும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ஓடாதீர்கள், குந்தாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். மூவரும் ஒன்றுசேர்ந்து, சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே, வெளிச்சத்தைத் தரையில் வைத்துப் பின்னால் நகருங்கள். அது பெரும்பாலும் உங்களுக்கு முன்னமே போய்விடும். நாயை அவிழ்த்து விடுவது பெரிய பிழை. அடி வாங்கிய நாய் உங்களிடம்தான் ஓடிவரும், பின்னால் சிறுத்தையும் வரும். சுருக்கில் மாட்டிய எந்த விலங்கைக் கண்டாலும் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். ஆளுக்குக் காயம் என்றால் 1990 அம்பியூலன்ஸ்.

துவக்கு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு

பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரம் பெற்று வருடாவருடம் புதுப்பித்து வைத்திருப்பவர்கள் மலைநாட்டில் இருக்கிறார்கள். பத்திரத்திலுள்ள நிபந்தனைக்கு வெளியே ஒரு வெடிகூடத் தீர்க்கக்கூடாது. மரையும் சிறுத்தையும் 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை.

தெர்மலைத் துவக்கில் பூட்டவேண்டாம் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்: பூட்டிவிட்டால், எதைப் பார்ப்பதற்கும் துவக்கின் வாயை அதன் பக்கம் நீட்ட வேண்டிவரும். கம்பளி போர்த்திய ஆளைப் பார்க்கும்போதும் அவர் மேல் துவக்கு நிற்கும். தேடுவதற்குத் தனிக் கருவி, அதுவரை துவக்கின் குழாய் மடித்துத் திறந்தபடி, தோட்டா வெளியே.

உருவத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெர்மல் காட்டாது. குளிர்ந்த மண் வரம்பும், பள்ளத்துக்கு மேலான வெறும் வெளியும், 200 மீற்றர் கீழே நிற்கும் லயச் சுவரும் ஒரே கறுப்பாகத் தெரியலாம். வெள்ளை வெளிச்சத்தில் விலங்கு முழுசாகத் தெரிந்து, அதற்குப் பின்னால் மண் மேடு இருப்பதும் தெரிந்தால் ஒழிய விரல் விசைக்குப் போகக்கூடாது. முகட்டு வரியில் நிற்கும் விலங்கை விட்டுவிடுங்கள். பெரிய குண்டுகள் நிரப்பிய எஸ்.ஜி. தோட்டாவின் ஒரு குண்டு தவறினால் பல நூறு மீற்றர் போகும்.

விடிந்த பிறகு

கருவியை நேரே அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். குளிர்ந்த வில்லையில் நீராவி படிந்து உள்ளேயும் இறங்கும். பையோடு மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அரை மணித்தியாலம் வெளி அறையில் வைத்துவிட்டுத் திறவுங்கள். முன்வில்லை ஜேர்மேனியத்தால் ஆனது, மேல்பூச்சு மெல்லியது. சட்டை நுனியால் துடைத்தால் கீறும். முதலில் ஊதி மண்ணைப் போக்கி, பிறகு வில்லைத் துணி. சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக்கூடாது, மூடி போடாமல் மேசையில் வைத்த கருவியின் சென்சாரைக் காலை வெயில் எரித்துவிடும். பற்றரியைப் பாதிக்கு மேல் சார்ஜில் வைத்து எடுத்து வையுங்கள்.

பிறகு தடம் பார்க்கப் போங்கள். எத்தனை மணிக்கு, எந்த வழியால், எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதிவந்தால் இரண்டு வாரத்தில் அவற்றின் நேரம் உங்களுக்குப் பிடிபடும், முழு இரவும் விழிக்கத் தேவையிருக்காது. நுழைந்த இடத்தில் வேலியைத் திருத்துங்கள். பன்றி வேலிக்கு மேலால் பாய்வதைவிட அடியால் நெம்புவதே அதிகம். கம்பி வலையின் அடியை 30 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் புதைத்து, வெளிப்புறம் மடித்துக் கல் ஏற்றுங்கள். சூரிய சக்தி மின்வேலி போடுவதானால், விட்டுவிட்டுத் துடிப்பாகக் கரண்டு கொடுக்கும் முறையான எனர்ஜைசர் பெட்டியோடு இரண்டு கம்பி போதும்: தரையிலிருந்து ஒன்று 20 முதல் 25 சென்ரிமீற்றரில், மற்றது 45 முதல் 50ல். கம்பியடியில் புல் வளர்ந்து தொட்டால் வேலி செத்துவிடும். மழைக் காலத்தில் வாரத்துக்கொரு முறை செதுக்க வேண்டும்.